தீபாவளிக்கு வரப்போகும் டிவி கேம்

14 ஜூலை 1985, ஞாயிறு

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் ஆதம் அண்ணன் கடையநல்லூரிலிருந்து எங்கள் ரேடியோ கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரரும் அவரும் ஐடிஐயில் ஒன்றாகப் படித்தவர்கள். பையில் ஒரு டிவி கேம். டிவியில் மாட்டி, ஒரு குச்சியைப் பிடித்து ஆட்டினால் திரையில் கார் ஓடுகிறது!

"இது பழசு தங்கச்சி. தீபாவளிக்கு முன்னால புது மெஷின் வருது. கூடவே ஆறு கேசட். கார் ரேஸ், விமானச் சண்டை, குரங்கு மரம் ஏறுறது... அங்கன துபாய்க் கடைக்காரன் இப்பவே வேணுங்கிறவங்க பேர் எழுதுதான்" என்றார்.

இவருக்குக் கண் மின்னியது. சங்கரன்கோவிலில் முதல் ஆளாக நாம் விற்போம் என்கிறார் என் குருநாதன். (இவர் பேரை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.)

கிளம்பும்போது ஆதம் அண்ணன் டிவி கேமை எங்களிடமே விட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார். அவர் கம்பெனியில் ஜனவரியில் மெக்கானிக் வேலை காலியாகிறதாம்.

"தீபாவளிக்கு இது ஓடுச்சுன்னா இங்கனயே இருந்துருதேன். இல்லன்னா அங்க வாரேன்" என்றார் இவர். பிறகு என்னிடம், "நீ என்ன நினைக்க? விக்குமா?"

"எத்தன வந்தாலும் போகும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

15 ஜூலை

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

31 ஜூலை

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் பார்க்கட்டும் என்று கடை வாசலில் டிவியை வைத்து விளையாடிக் காட்டினார். ரோடே அடைத்துக்கொண்டது. ஆனால் விலை கேட்டவர் ஒருவரும் இல்லை. ஒரு பெரியவர் மட்டும், "இதுல சிலோன் டிவி, ரூபவாகினி, தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

இவர் ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்தார். "இது பழைய மெஷின்தான? புதுசு வரட்டும், பாருங்க" என்றேன்.

9 ஆகஸ்ட்

நானே மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் இருக்கும் மாரித்தாய் மதினி வீட்டுக்குப் போனேன். தறி ஓட்டுகிற வீடு, டிவி இருக்கிறது.

"காத்தடிச்சா உங்க டிவியில படம் போயிருதுல்லா? இதுக்கு ஆன்டெனாவே வாண்டாம் மதினி."

மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கார் இடிக்கும்போதெல்லாம் "ஐயோ, போச்சு!" என்று அலறினாள். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். புதுசு வந்தால் தனக்கு ஒன்று வேண்டுமாம்.

அவள் ஒருத்திதான் கேட்டாள். இவரிடம் "தெருவே கேக்குது" என்று சொல்லிவைத்தேன். முகம் எப்படி மலர்ந்தது!

20 அக்டோபர்

ஆதம் அண்ணன் துபாயிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். புது மெஷின் இந்த வருடம் கிடையாதாம். கேசட்டும் இல்லை. கடைக்காரன் கையை விரித்துவிட்டானாம்.

மாரித்தாய் மதினி போன வாரமே கிரைண்டர் வாங்கிவிட்டாள்.

23 அக்டோபர்

காலையில் சட்டை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போறேன் என்றார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"போகும் போகும்னு நீதானட்டி சொன்ன?"

"நீங்க போகக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்!"

வாயில் வந்துவிட்டது. அப்புறம் நிற்கவில்லை. "டிவி கேம் வித்தா என்ன, விக்காட்டி என்ன? அங்கன போயி ரெண்டு வருசம் கழிச்சு வருவிய. நான் இங்கன யார் முகத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" அழுதேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன் —

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க டிவி கேம பத்தித்தான கேட்டிய?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

12 நவம்பர், தீபாவளி

விமானச் சண்டையும் இல்லை, குரங்கும் இல்லை. பழைய கார்தான். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். தோற்றவர் இவர்.

9 பிப்ரவரி 1986

ஜனவரி வேலைக்கு வேறு ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது புது மெஷின் வந்துவிட்டதாம், ஆறு கேசட்டில் நாலு மட்டும். எத்தனை அனுப்ப என்று ஆதம் அண்ணன் கேட்டிருக்கிறார்.

"நெசத்தச் சொல்லு. எத்தன போகும்?" என்றார் இவர்.

"ஒண்ணும் போகாது."

விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ஒண்ணே ஒண்ணு வரவழைப்போம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

ஏணியை வாடகை சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒரு வீட்டுக்கு ஆன்டெனா மாட்டப் பக்கத்து ஊர் கரிவலத்துக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்துவிடுவார்.