காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மாணவி துறை அறைக்கு வந்தாள். எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு, பென்னாகரம் பக்கம் ஊர். என் மேசைமேல் இரண்டு தாள்களை விரித்து வைத்தாள். அப்போதுதான் கடையில் பிரிண்ட் எடுத்திருப்பாள் போலிருக்கிறது, தாளில் இன்னும் அந்தச் சூடும் மையின் வாசனையும் இருந்தன. இரண்டுமே ஆராய்ச்சிப் படிப்புக்கான சேர்க்கைக் கடிதங்கள். ஒன்று சென்னை. இன்னொன்று வடக்கே, நீ போன அதே ஊர்.

"எதை எடுக்கட்டுங்க மேடம்? நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள்.

நான் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். இரண்டு இடங்களைப் பற்றியும் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். எதை எடுப்பது என்பதை மட்டும் என் வாய் சொல்லவில்லை. ஏமாற்றத்தோடுதான் போனாள். அன்றிலிருந்து நீ என்னை விட்டு நகரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் என் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், தோள் மட்டும் குலுங்க ஓசையில்லாமல் சிரித்தபடி இருக்கிறாய். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை உனக்கே எழுதுகிறேன்.

நீ மொரப்பூர் பஸ்ஸில் வருவாய், நான் பாலக்கோட்டு பஸ்ஸில். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் யார் முதலில் இறங்குகிறோமோ அவர் மற்றவருக்காக நிற்பது என்று நமக்குள் ஒரு வழக்கம். கல்லூரிக்கு நடக்கும்போதே அன்றைய பாடத்தை எனக்குச் சொல்லிவிடுவாய். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று குட்டிக் குட்டி அம்புகள் போட்டுக் காட்டுவாய். வகுப்பில் நீ முதல். நான் நான்காவது, சில சமயம் ஐந்தாவது. அந்த நான்காவது இடம்கூட உன் டிக்கெட்டுகள் கொடுத்ததுதான். தண்டவாளம் பார்க்கும் ரயில்வே கேங்மேன் மகள் என்பதால் உனக்குக் கடிகாரம் தேவைப்படாது. "கோயம்புத்தூர் வண்டி போயிருக்கும், கெளம்பலாம்" என்பாய். சரியாக இருக்கும்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு இருவரும் விண்ணப்பித்தோம். வடக்கிலிருந்து உனக்கு முதலில் கடிதம் வந்தது. அடுத்த வாரம் கோவைப் பட்டியல் வெளியானது. அதை முதலில் பார்த்தவள் நான். தேர்வானவர்களில் உன் பெயர் இருந்தது. அதே பக்கத்தில், கீழே, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. உடனே உனக்குப் போன் செய்து உன் பெயர் இருப்பதைச் சொன்னேன். உன்னோடது என்னடி ஆச்சு என்று கேட்டாய். இல்லை என்று சொன்னேன்.

அந்த நேரத்து என் வீட்டை உனக்குத் தெரியும். மாரண்டஅள்ளியில் கடை வைத்திருந்தவருக்கு என்னைக் கொடுப்பதாக அப்பா பேசி வைத்திருந்தார். சீட்டு கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். தக்காளிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவர் சொன்னதில் எனக்குப் போக ஒரு வழி இருந்தது. அந்த வழியில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து நீ என்னிடம் யோசனை கேட்ட நாளைப் பதினோரு வருடமாக நான் தினமும் கடந்து வருகிறேன். அம்மா இல்லாத வீடு, அப்பாவுக்கு இளைப்பு, அவரைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை என்றாய்.

"கோயம்புத்தூர்னா சனிக்கிழமை காலைல வண்டி ஏறினா மத்தியானச் சோத்துக்கு வூட்டுல இருப்பேன். ஆனா வடக்க இருக்கற மெஷினு இங்க இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லுடி, நீ சொல்றதைச் செய்யறேன்."

அரை மணி நேரம் பேசினேன். நாம் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த என்.எம்.ஆர். கருவி அங்கே உன் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்றேன். உன் மூளைக்குக் கோவை போதாது என்றேன். வாய்ப்பு வந்தும் போகாதவர்கள் நாற்பது வயதில் என்ன ஆகிறார்கள் என்று, நம் கல்லூரியிலேயே இரண்டு பேரைக் காட்டினேன். அவை எல்லாமே உண்மை. நீ என் இடத்தில் இருந்து, உனக்கு எந்தத் தேவையும் இல்லாமலிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாய். ஆனால் கடைசியில், "அப்பாவை நான் பாத்துக்கறேன், வாராவாரம் போய்ட்டு வரேன்" என்றேன். நீ வடக்கே போனால் நான் கோவையில் இருப்பேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

உன் போனில் திரை உடைந்திருந்தது. என் போனை வாங்கித்தான் கோவைக்கு மறுப்பு மெயில் எழுதினாய். இங்கிலீஷ் சரியா பாரு என்று நீட்டினாய். ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன். நீ அனுப்பு என்பதை அழுத்தினாய்.

பத்து நாளில் கோவையிலிருந்து என்னை அழைத்தார்கள். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. போனில் சொன்னேன். உன் பக்கத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. நீளமான வண்டி. அது போய் முடியும்வரை நீ பேசவில்லை. வண்டிச் சத்தத்தால் பேசாமலிருந்தாயா, அல்லது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு, "நல்லதாப் போச்சுடி, கல்யாணத்துல இருந்து தப்பிச்சிட்ட" என்றாய். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பட்டியலை நீ ஒருமுறையாவது திறந்து பார்த்தாயா?

கோவையில் சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டை என் முன் வைத்தார்கள். அதில் உன் பெயர் தட்டச்சாகியிருந்தது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே பேனாவால் என் பெயரை எழுதியிருந்தார்கள். புது ஏடு வரும்வரை ஒரு மாதம் தினமும் உன் பெயருக்கு மேலேதான் கையெழுத்துப் போட்டேன். நீ வடக்கே இருந்த ஒன்றரை வருடத்தில் உன் அப்பாவைப் பார்க்க இரண்டு முறை போனேன்.

நீ அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தாய். கருவிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படங்களை அனுப்பினாய். இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் மதியம் கூப்பிட்டாய். காய்ச்சல், மூன்று நாளாக விடவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன் என்றாய். நான் லேபில் இருந்தேன். கை வேலையாக இருந்தது. டாக்டரிடம் போ என்றேன். போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

"கோயம்புத்தூரா இருந்தா இந்நேரம் வூட்டுக்குப் போயிருப்பேன்டி."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. குளிரில் நடுங்கியபடி ஒருத்தி வீட்டை நினைத்துச் சொன்னது, அவ்வளவுதான். சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்தேன். சாயங்காலம் மறந்துபோனேன். இரண்டு நாள் கழித்து உன் விடுதித் தோழிகள் உன்னை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு உன் அப்பாவுக்குச் சொன்னார்கள். அவர் ரயில் ஏறினார். அவர் போய் இறங்கியபோது நீ இல்லை.

அதன் பிறகு நான் பட்டம் வாங்கினேன். ஊருக்கே திரும்பி வந்து நாம் படித்த கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதும்போதெல்லாம் அதற்கு அடியில் கோடு போட்ட இன்னொரு பெயர் எனக்குத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மொரப்பூர் போனேன். உன் அப்பா மிகவும் இளைத்துவிட்டார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. உட்காரச் சொல்லிவிட்டு, "வாராவாரம் நீ வருவேன்னு பாப்பா சொல்லிட்டுப் போச்சும்மா. கொஞ்ச நாள் பாத்தேன்" என்றார். கோபமில்லை, நடந்ததைச் சொன்னார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், பேக்கரி, மெயில், நான் திருத்திய எழுத்து, ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் உள்ளங்கைகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மெயிலு போட்டுட்டு வூட்டுக்கு வந்து எங்கிட்ட கேட்டாம்மா" என்றார். "கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது, இன்னொரு மெயிலு போட்டா கோயம்புத்தூரையே வெச்சுக்கலாம், போடட்டுமாப்பான்னு கேட்டா. நாந்தான் வேணாம்னேன். எனக்காக இங்க கிடக்காத, போன்னு சொன்னேன்."

"நான் அன்னைக்கு அப்படிப் பேசலைன்னா அவ அந்த மெயிலே போட்டிருக்க மாட்டாங்கப்பா."

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் கடுமையாகிவிட்டது.

"அப்படிச் சொல்லாத. அவ போனது நான் சொல்லித்தான். எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போனா. அதை உனக்குத் தர மாட்டேன்."

கிளம்பும்போது, பட்டியலில் என் பெயர் இருந்தது உனக்குத் தெரிந்திருந்ததா என்று மட்டும் அவரிடம் கேட்டேன். எனக்குத் தெரியாதும்மா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்குத் தெரிந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்றார்.

பாரத்தை இறக்கிவைக்கப் போனவள் அதை அப்படியே சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். அவர் தன் பங்கை விடமாட்டார். என் பங்கை வாங்கவும் மாட்டார். வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் என்றாவது ஒருநாள், நமக்கு வயதான பிறகாவது, பேச்சோடு பேச்சாக இதைக் கேட்டிருப்பாய். நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். நீ கேட்காமலேயே போய்விட்டதால், பதில் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஆமாம்டி. எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.