கடைசி நாளில் சேர்ந்தவர்

திண்டுக்கல்
12.8.2007

அன்புள்ள லூர்து,

சேவுகம்பட்டியில் உன் அக்கா சுகமா? சேவியர் கம்ப்யூட்டருக்கு நீ போர்த்திவிட்டுப் போன துணியை நான் எடுக்கவில்லை. பிரவுசிங் சென்டருக்குத்தான் போனேன்.

இணையத்தில் நம் மகன் நடத்திய பழைய பாட்டு ரசிகர் குழுவை, அவனுக்குப் பிறகு பார்க்க ஆளில்லாமல் இன்றோடு மூடுகிறார்கள். புதிதாக யார் வந்தாலும் எல்லோரும் "வாங்க, உட்காருங்க" என்று எழுதுவது அவன் வைத்த வழக்கமாம். வாசலில் நின்று நீ சொல்வதுதான்.

"நான் சேவியர் அப்பா" என்று மட்டும் அடித்தேன். மலேசியா, டொராண்டோ, பாலசமுத்திரம் என்று எங்கெங்கிருந்தோ, "வாங்கப்பா, உட்காருங்க." திரை கொள்ளவில்லை, லூர்து. இம்புட்டுப் பேரா!

"ஏன் சார் நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் சென்டர் பெண்.

எழுந்தது எனக்கே தெரியவில்லை.

நீயும் வா. துணியைச் சேர்ந்தே எடுப்போம்.

உன் வீட்டுக்காரன்