கொத்துக்கு நான்கு

நாள் 212, காலை 6:10
பசுமைக்குடில் ஈரப்பதம் 70. வெப்பம் 23. தக்காளிச் செடிகள் நாற்பது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் குழலி, செவ்வாய் நிலையத்தின் பயிர் விஞ்ஞானி. கூட இருப்பவர் மெக்கானிக் ராயப்பன். இருவருக்கும் ஈறில் ரத்தம் வடிகிறது. மீட்புக் கப்பல் வர நான்கு மாதம் ஆகும். அதுவரை வைட்டமின் சி இந்தத் தக்காளியில்தான். பத்துச் செடிகளில் கொத்துக்கு நான்கு காய் விட்டு மற்றதைக் கிள்ளினேன். சுமை குறைந்தால்தான் மிஞ்சும் காயில் சத்து ஏறும். மீதிச் செடிகள் நாளை.

நாள் 213, பகல் 11:40
குப்பைத் தொட்டியில் கிடந்த பிஞ்சுகளை ராயப்பன் பார்த்தான். ஸ்பேனரால் என் முகத்தில் அடித்தான். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்கள் போயின.
"தூத்துக்குடில புடிச்ச மீன எவனாச்சும் கடல்ல கொட்டுவானா? என்னைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கியா?"
என்னை வெளியே தள்ளி, உள்ளே தாழிட்டுக்கொண்டான். மடையன்.

நாள் 215, காலை 9:20
மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விசிறியை நிறுத்திவிட்டான். கதவருகே உள்ள திரையில் ஈரப்பதம் 94. இப்படியே போனால் இலை நீரை வெளிவிடாது, கால்சியம் காய்க்குப் போகாது, காயின் அடி கறுத்து அழுகும். இன்டர்காமில் கத்திச் சொன்னேன்.
"ஒம் படிப்ப நீயே வச்சுக்க."
ஆத்திரத்தில் இன்டர்காமையும் திரையையும் இரும்புக் குழாயால் நொறுக்கினேன். அதே குழாயைக் கதவுக்குக் குறுக்கே செருகினேன். கிடக்கட்டும்.

நாள் 219, மாலை 4:00
இரண்டு நாளாக உள்ளிருந்து கதவைத் தட்டுகிறான். என்னவோ கத்துகிறான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மிரட்டுகிறான் போல. அவனை அடித்து நொறுக்க வேண்டும் என்று கை துடிக்கிறது.

நாள் 220, பகல் 2:05
குழாயை உருவினேன். கதவு திறந்தது. அவன் கையில் கத்தரிக்கோல். முந்திக்கொண்டு நெற்றியில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். ஐந்தோ ஆறோ. மண்டை பிளந்துவிட்டது.

பகல் 2:30
விசிறி ஓடுகிறது. உள்ளே ஈரப்பதம் 71. நாற்பது செடிகளிலும் கொத்துக்கு நான்கே காய். கத்தரிக்கோலில் பச்சைக் கறை.

நாள் 221, காலை 7:15
ராயப்பனின் கையடக்கத் தொடர்புக் கருவிக்குப் பூமியிலிருந்து குரல் செய்தி. அவர் மனைவி ஜெசிந்தா.
"ஏங்க, நான் விசாரிச்சுச் சொன்ன மாதிரி செஞ்சீங்களா? அந்தக்கா சொன்னதுதான் சரின்னு தோட்டக்கலை ஆபீசர் மறுபடியும் சொல்லுதாரு. மன்னிப்புக் கேட்டீங்களா இல்லியா? எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க அவங்கள."

காலை 9:50
பதிலைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். நான்கு முறை அழித்தேன். மறுபடியும்:
"ஜெசிந்தா, நான் குழலி பேசுதேன். அவர் மன்னிப்புக் கேக்கத்தான் கதவத் தட்டுனாரு. நான்..."