மாப்பிள்ளை மீன்

என்னங்க,

நீங்கள் அனுப்பிய தடித்த கையுறைகள் வந்து சேர்ந்தன. அப்பா அவற்றைக் கழற்றுவதே இல்லை. சாப்பிட உட்காரும்போது நான்தான் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த முள் மீன் சிக்கினால் இனி வலையை அறுக்க வேண்டாம், கையாலேயே பிரித்தெடுத்துவிடலாம். அவர் உள்ளங்கைப் புண்ணும் ஆறிவிட்டது. "நல்லா இருக்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். உங்களைத்தான்.

ஏரி அப்படியேதான் இருக்கிறது. யாரோ தொட்டியில் வளர்த்து, இங்கே கொண்டுவந்து விட்ட அந்த முள் மீன் சனியன், கெண்டை முட்டையை எல்லாம் தின்று தீர்க்கிறது. வலை நிறைய அதுதான். வாங்க ஆளில்லை, பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

"எங்கிருந்தோ வந்து, உக்காந்து தின்னுட்டு, போகவே மாட்டேங்குது. வீட்டோட மாப்பிள்ளை மாதிரி!" என்று அப்பா அதற்குப் பெயர் வைத்த அன்று கரையே சிரித்தது. வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த வாரமே தொழிற்சாலை வேலைக்கென்று பஸ் ஏறினீர்கள். ஏன் என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

பெயர் மட்டும் ஊரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா இப்போது அதைச் சொல்வதில்லை.

நேற்று கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "மாமா, மாப்பிள்ளை வந்திருக்காரு!" என்று கத்தினார். மீனைத்தான் சொன்னார். அப்பா கையிலிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நானும்தான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி