டென்ட் வாசலில் நிற்கும் ஜெனரேட்டர்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜினோவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள்ளதான் இருக்கு, எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கு. எல்லாரும் சுகம்னு எழுதுறதுதான் வழக்கம், ஆனா உன் அக்கா ஆன்சி பகல்லயும் சுவரைப் பாத்துப் படுத்துக் கெடக்கிற வீட்டுல இருந்துக்கிட்டு அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரல. போன்ல சொன்னா பாதியிலேயே மீட்டிங்னு வச்சிருவ, அதனாலதான் பேப்பர்ல எழுதுறேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து இன்னைக்கே உனக்கு அனுப்பிருவாரு, தபால் வரும்போது வரட்டும்.

நீ ஸ்டேட்டஸ்ல போட்ட படத்தைப் பாத்தோம். நியூசிலாந்துல ஏதோ ஒரு காட்டுல, கொட்டுற மழையில டென்ட் போட்டு, கூட்டாளிகளோட காபி கப்பைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிற. உன் முதுகுக்குப் பின்னால, டென்ட் வாசல் மறைப்புக்குக் கீழ, நனையாம பத்திரமா ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. நான் உன் முகத்தைத்தான் பாத்தேன், அதைப் பாத்தது ஆன்சி. பாத்ததும் வாயைப் பொத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடுனா. வந்து மூஞ்சியக் கூட தொடைக்காம உனக்குப் போன் போட்டா. நீ என்ன சொன்ன? இங்க உள்ள மெஷின் எல்லாம் புது மாடல்க்கா, பயப்படாதேன்ன. அதோட விட்டியா, அப்படியே ஜூடு மாமா மேல குடுத்த கேசையும் வாபஸ் வாங்கிரு அக்கா, அவரு பாவம்னும் சேத்துச் சொல்லியிருக்க. புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட, உன் உயிருக்குப் பயந்து போன் பண்ணுனவகிட்ட போய் இதைச் சொல்லியிருக்க. புகைக்கு நியூசிலாந்து எது, சமயநல்லூர் எதுன்னு தெரியுமாடா?

உனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க மாமா சொன்ன கதை. அடக்கத்துக்கு உனக்கு லீவு கிடைக்கல, சரி, நான் அதைக் கேக்கல. இந்தக் கேம்புக்கு எப்படிக் கிடைச்சதுன்னும் கேக்கல. நடந்ததை மட்டும் எழுதுறேன், படி. சமயநல்லூரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பை வாடகைக்குப் பிடிச்சு, என் தம்பி ஜூடு கேம்பிங்னு தொழில் ஆரம்பிச்சது உனக்குத் தெரியும். சனிக்கிழமை ஆனா பெர்சி மாப்பிள்ளை ஆரப்பாளையத்துல ஆபீஸ் முடிச்சு, சாப்பிட்டும் சாப்பிடாம அங்க ஓடிருவாரு, சொந்தக்காரருக்கு ஒத்தாசைன்னு. கடைசியா அவரு போன அன்னைக்கு மத்தியானமே மழை பிடிச்சிருச்சு. வந்த விருந்தாளிங்க கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, பாட்டு இல்லைன்னு சத்தம் போட்டிருக்காங்க. வெளியில இருந்த ஜெனரேட்டரை சமையல் டென்ட்டுக்குள்ள தூக்கி வைன்னு உங்க மாமாதான் சொன்னான். புகை அடையுமே மாமான்னு மாப்பிள்ளை கேட்டிருக்காரு. ஒரு பக்கம் தொறந்துதான கெடக்கு மாப்ள, இம்புட்டுப் பயந்தா தொழில் பண்ண முடியுமான்னு சிரிச்சிருக்கான். அப்புறம் சாரல் உள்ள அடிக்கவும் அந்த ஒரு பக்கத்துத் தார்ப்பாயையும் இறக்கி விட்டுட்டாங்க. மெஷின் நின்னுரக் கூடாதுன்னு மாப்பிள்ளை பக்கத்திலேயே உக்காந்திருந்தாரு.

சமைக்கிற இருளாயி பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கிட்டு வெளிய போறப்ப, தலை கிறுகிறுன்னு வருதுக்கான்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. பசி மயக்கமா இருக்கும், வந்து சோறு போடுறேன் தம்பின்னு சொல்லிட்டுப் போயிருக்கு. திரும்பி வந்து பாத்தா, அரிசி மூட்டையில சாஞ்சு தூங்குற மாதிரி கெடந்திருக்காரு. எழுப்பாதீங்க, பாவம், அசதின்னு இன்னொருத்தன் வேற சொல்லியிருக்கான். வலிப்பு வந்துச்சோ, சுகர் குறைஞ்சுச்சோன்னு தண்ணியத் தெளிச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. பெட்டியில வச்சப்ப முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு ஜினோ. கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்ன களையா இருக்காருன்னு வந்தவங்க சொன்னாங்க. ஜெனரேட்டர் புகையில வர்ற விஷவாயு ரத்தத்துல ஏறுனா அப்படித்தான் செவந்து போகுமாம், டாக்டரம்மா அப்புறம் சொன்னாங்க.

ஆஸ்பத்திரி வராண்டாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு உங்க மாமா அழுதான். அக்கா, நான்தான் உள்ள வைக்கச் சொன்னேன், என்னை மன்னிச்சிருன்னு சொன்னான். என் தம்பின்னு நானும் அவன் தலையைத் தடவிக் குடுத்தேன். அடக்கம் முடிஞ்சு கல்லறையில மண்ணு காயுறதுக்குள்ள, போலீஸ்காரங்க கேட்டப்ப, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், பெர்சிதான் கேக்காம உள்ள கொண்டு போனான்னு சொல்லிட்டான். செத்தவரு வந்து இல்லைன்னா சொல்லப் போறாரு? இருளாயிதான் வீடு தேடி வந்து ஆன்சிகிட்ட உள்ளதைச் சொல்லுச்சு, வேலை போகும்னு தெரிஞ்சும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுச்சு. வேலையும் போச்சு. உங்க மாமா கோயில்ல இன்னும் முதல் பெஞ்சுலதான் உக்காருறான். நீயும் அவன் போடுற படத்துக்கெல்லாம் ஹார்ட்டு போட்டுக்கிட்டு இருக்க. ஆன்சி அதையும்தான் பாக்குறா.

நேத்து நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்க மாமா என்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். யார் மூலமாவோ தெரிஞ்சு ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னான். கூடப் பொறந்தவனுக்கே இப்படிப் பண்ணலாமாக்கான்னு கேட்டான். நான் ஷேர் ஆட்டோவுல ஏறி வந்துட்டேன். கோரிப்பாளையம் சிக்னல்ல வண்டி நின்னப்பதான் அழுகை வந்துச்சு, பக்கத்துல இருந்த பொம்பளை தண்ணி பாட்டிலை நீட்டுச்சு.

இப்ப நான் சொல்றதைக் கேளு, உனக்குப் பிடிக்கலைன்னாலும் கேளு. மழை பெஞ்சாலும் ஜெனரேட்டர் டென்ட்டுக்குள்ளயோ வாசல்லயோ இருக்கக் கூடாது. ஒரு பஸ் நீளத்துக்கும் மேல தள்ளி, மேடான காஞ்ச எடமாப் பாத்து வை, புகை போற குழாய் யாரு டென்ட்டுப் பக்கமும் திரும்பி இருக்கக் கூடாது. நனையும்னா அதுக்குன்னு விக்கிற கூரையை மேல மட்டும் போடு, நாலு பக்கமும் காத்து போகணும். ஈரக் கையோட தொடாதே, ஒயர் ஜாயின்ட்டு தண்ணியில கெடக்கக் கூடாது, ஓடுறப்ப பெட்ரோல் ஊத்தாதே, நிறுத்தி ஆறவிட்டு ஊத்து. அந்த வாயுவுக்கு வாடை கிடையாது, கண்ணும் எரியாது, அதுக்குன்னு ஒரு அலாரம் இருக்காமே, அதை வாங்கி டென்ட்டுக்குள்ள மாட்டு. யாருக்காவது தலை வலிச்சா, கிறுகிறுத்தா, பசின்னு நெனைக்காம எல்லாரும் வெளிய ஓடிருங்க. இது எதுவும் முடியாதுன்னா இருட்டுல இருங்க, இருட்டு ஒன்னும் பண்ணாது.

உன் மேல கோவம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அது தீர நாளாகும். ஆனாலும் மாதா உன்னையும் உன் கூட்டாளிகளையும் காப்பாத்தட்டும், உன் நெத்தியில சிலுவை போட்டதா நெனைச்சுக்கோ. ஒன்னை மட்டும் மறந்துராத. அக்காவுக்குப் போன் பண்ணு. கேசைப் பத்தி வாயைத் தொறக்காதே. சாப்பிட்டியான்னு மட்டும் கேளு, அவ பதில் சொல்ற வரைக்கும் போனை வைக்காம இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ஜோசபின்