பெண்களுக்கும் தலைக்கட்டு

ஆடி 8, வியாழன்

ஒரே காற்று. கடல் கலங்கல். மீன்பிடி போட்டு எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் மீன் எடுத்துப் போய் மந்தைவெளியில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாம் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். பாதி திரும்பி வந்தது. கால் வீக்கம்.

ஞாயிறு ஊர்க் கூட்டம். தலைவர் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். தனியாக வாழும் விதவைக்கும் தலைக்கட்டு உண்டா இல்லையா என்று கூட்டத்தில் கேட்டு, கை தூக்கச் சொல்வாராம். ஊர்க் கட்டுப்பாட்டை மாற்றலாமா என்று இப்படிக் கேட்பது, எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. ஆனால் கை தூக்கப் போவது ஆண்கள் மட்டும்.

தலைக்கட்டு என்றால் எங்கள் குப்பத்தில் கல்யாணமான ஆண். வரி, நிவாரணம், கூட்டத்தில் பேச்சு, எல்லாம் அவன் பெயரில். என் வீட்டுக்காரர் செத்துப் போன பிறகு இந்த வீட்டின் தலைக்கட்டு என் மகன் குமரன். அவன் வேன் ஓட்டுகிறான், பெண்டாட்டியோடு வடபழனியில் வாடகை வீடு. இங்கே நான் ஒருத்தி. போன ஆடித் திருவிழாவுக்கு அவனால் வர முடியவில்லை. தேங்காய், கற்பூரத் தட்டோடு நான்தான் வாசலில் நின்றேன். ஆம்பிளை இல்லாத வாசலில் அம்மன் நிற்காது என்று சொல்லி, ஊர்வலத்தில் வந்தவர்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆடி 9, வெள்ளி

வெயில். கேழ்வரகு அரைக்கக் கொடுக்க வேண்டும். மோர் மிளகாய் தீர்ந்துவிட்டது.

வியாபாரம் முடிந்ததும் பாக்கியமும் நானும் வீடு வீடாகப் போனோம். பாக்கியம் என்னோடு மீன் விற்பவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. போன புயலுக்கு எனக்காவது குமரன் பெயரில் அரிசி வந்தது. அவள் வீட்டில் முட்டி வரை தண்ணீர், ஆனால் ஊர்க் கணக்கில் அது வீடே இல்லை. இந்த மாற்றம் அவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், தலைக்கட்டு கொடுத்தால் வரியும் கொடுக்கணும், சாவுக்கும் நல்லதுக்கும் முன்னால் நிற்கணும், முடியுமா என்றார்.

“இப்ப மட்டும் பின்னாலயா நிக்கறோம்? வரியும் குடுத்துடறோம் மாமா. என் வூட்டையும் ஒரு வூடுன்னு எண்ணு, அது போதும்,” என்றாள் பாக்கியம்.

கிழவர் சிரித்துவிட்டார். கை தூக்குவார் என்று நினைக்கிறேன். இளவட்டங்கள்தான் பிடி கொடுக்கவில்லை. ‘பார்க்கலாம்மா.’ எல்லாரும் குமரனோடு திரிந்தவர்கள்.

ஆடி 10, சனி

மழை வருவதுபோல் வந்து போனது. குமரனுக்குப் போன் போட்டேன். நாளைக் கூட்டத்துக்குக் கண்டிப்பாக வா என்றேன். லீவு போட்டுவிட்டு வருகிறானாம். மனசு நிறைந்துவிட்டது.

அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா என்று பாக்கியம் கேட்டாள். பெற்ற பிள்ளையிடம் போய் யாராவது ஓட்டுக் கேட்பார்களா என்று அவளைக் கிண்டல் செய்தேன்.

வாங்க: புளி, மி.தூள், பூண்டு, மருமகளுக்கு மல்லிப்பூ. வஞ்சிரத்தில் நடுத்துண்டு எடுத்து வைத்தாயிற்று.

ஆடி 11, ஞாயிறு

புழுக்கம். குமரன் மட்டும் வந்தான். மருமகளுக்கு உடம்பு சரியில்லையாம். பூவை அம்மனுக்குப் போட்டேன்.

வலைக்கூடத்தில் கூட்டம். பெண்கள் நாங்கள் வெளியே, ஐஸ் பெட்டிகள் பக்கம். தலைவர் கேட்டார். பெரியவர்கள் பக்கம் நிறையக் கை. வலை பிரித்த கிழவர்கூடத் தூக்கினார். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இளவட்டங்கள் எல்லாரும் குமரனைத் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வீடாக வந்து கேட்ட தேசம்மாவின் மகனே என்ன செய்கிறான் பார்ப்போம் என்று. அவன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவர்களும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

கொஞ்சம் பேர்தான் குறைவு. பழைய கட்டுப்பாடே இருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

வீட்டில் சோறு போட்டேன். ஒன்றும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஏன் நைனா, நீ கை தூக்கவில்லை என்று குமரனைக் கேட்டேன்.

“நான் உயிரோட கீறப்போ நீ தனித் தலைக்கட்டுன்னா, ஊரு இன்னா சொல்லும்? புள்ள ஆத்தாள வெட்டி உட்டுட்டான்னு சொல்லாதா? என்னால தாங்க முடியாதும்மா.”

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. வெறுப்பில் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது இருக்கலாம். இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன். இந்தப் பயத்தை நேற்றே போனில் கேட்டிருக்கலாம். ஊர் முழுக்க ஏறி இறங்கினேன், அவனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடி 12, திங்கள்

போட்டு வந்தது. சங்கரா, கானாங்கத்தை. விலை ஏற்றம்.

பாக்கியம் ஏலத்தில் பக்கத்தில் நின்றாள். மீன் வாங்கி முடிந்த பிறகுதான் கேட்டாள்.

“உன் புள்ள தூக்கலியாமே?”

“தூக்கினான்டி. நான் பாத்தேன்.”

நேற்றுக் கூட்டத்தில் அவளும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. என் முகத்தைப் பார்த்தாள். சரிக்கா என்றாள்.

மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். இத்தனை வருஷமும் அவளுக்கு நான், எனக்கு அவள். நான் குனிந்து அவள் கூடையில் கை வைத்தேன். “இரு” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருத்தியைக் கூடை ஏற்றக் கூப்பிட்டாள்.