இரண்டாமவரின் ஏழாவது கேள்வி

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். நேற்று கல்லறைத் திருநாளுக்கு வரதராசன்பேட்டை போய்வந்த செருப்பில் சேறு காயவில்லை. கழுவ வேண்டும். கழுவவில்லை.

இந்த நோட்டு எதற்கு என்று முதலில் எழுதிவிடுகிறேன். தினமும் நன்றி சொல்லத் தோன்றும் மூன்று விஷயங்களை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள் என்று எம்.எஸ்சி. உளவியல் பிள்ளைகளிடம் சொன்னேன். சார் நீங்க எழுதுவீங்களா என்று கேட்டுவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இன்றைய மூன்று:
மழை.
பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
ஆய்விதழிலிருந்து ஈமெயில். கட்டுரையை நிராகரிக்கவில்லை, திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள்.

மூன்றாவதற்கு மட்டும் முப்பது நன்றி. பகுதிநேர பிஎச்டியில் ஏழு வருடம் போய்விட்டது. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். கெடு டிசம்பர் கடைசி.

கட்டுரை இதுதான்: அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் தூக்கமும் மனநிலையும். கண்டுபிடிப்பு: இரவு ஷிப்ட் பார்த்தாலும் கிட்டத்தட்ட எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள், நிறைவாக இருக்கிறார்கள்.

படித்து மதிப்பிட்டவர்கள் இரண்டு பேர். பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. முதலாமவர் எழுதியது இரண்டு வரி. நல்ல கட்டுரை, வெளியிடலாம். மகராசன். இரண்டாமவர் நான்கு பக்கம். சாப்பிட்ட பிறகு படிக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். தலைவலி.

நான்கு பக்கமும் படித்தாயிற்று. பதினாறு கேள்வி. கோபத்தில் காலை டிபன் இறங்கவில்லை. ஏழாவது கேள்வி ஒரே வரி: தொழிலாளர்கள் கேள்வித்தாளை நிரப்பியபோது அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?

யார் இருந்தால் இவருக்கு என்ன? யார் இந்த ஆள்? பின்னிணைப்பில் இருந்த தமிழ்க் கேள்வித்தாளையும் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார், அதனால் தமிழர். திருச்சிக்காரரா, மதுரையா? போன வருடக் கருத்தரங்கில் என்னோடு சண்டை போட்ட அந்த மீசைக்காரராக இருக்குமோ? மதியம் முழுக்க இதே யோசனை. உளவியல் வாத்தியார் செய்கிற வேலையா இது.

திருச்சியில் இருக்கும் என் கைடு மேடத்துக்குப் போன் செய்தேன். மேடம் அவசரத்தில் இருந்தார். தனிமையில் நிரப்பப்பட்டன என்று ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்பிவிடுங்கள், இதற்குப் போய் ஏன் மண்டையை உடைக்கிறீர்கள் என்றார்.

நன்றி: மேடம். ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார்.

நவம்பர் 6, வியாழன்

அந்த ஒரு வாக்கியத்தை எழுத இரண்டு நாள். தமிழில் எழுதினேன், ஆங்கிலத்தில் எழுதினேன், அழித்தேன். கேள்வித்தாள் நிரப்பிய மூன்று நாளும் நான் அங்கே இல்லை என்பதுதான் விஷயம். எனக்குத் தேர்வுக் கண்காணிப்பு டூட்டி. தாள்களை வாங்கித் தந்தது என் அக்கா வீட்டுக்காரர், மச்சான். அந்த ஆலையில் லோடிங் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். நூற்றுச் சொச்சம் தாள், ஒன்றுகூடக் கசங்காமல் கட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. மேடத்துக்கு மதிப்பிட வரும் கட்டுரைகளில் பாதியை எனக்குத்தான் அனுப்புவார். பெரம்பலூரில் பஸ் ஏறினால் அரியலூரில் இறங்குவதற்குள் முடித்துவிடுவேன். நல்ல கட்டுரை, சில எழுத்துப்பிழைகள், வெளியிடலாம். அந்த முதலாமவர் எழுதிய அதே இரண்டு வரி. இத்தனை வருடம் நானும் மகராசனாகத்தான் இருந்திருக்கிறேன்.

ஈமெயிலைத் திரும்பப் படித்தேன். இந்த ஆய்விதழில் இப்போது புது விதியாம். மதிப்பிடுகிறவர் முடிவு சொல்வதற்கு முன், படித்ததும் தனக்கு விளங்காமல் போன இடங்கள் இருந்தால் எழுத வேண்டும். கட்டுரை வெளியானால் கேள்விகளும் பதில்களும் கூடவே வெளியாகும். அப்படியானால் என் ஒரு வாக்கியமும் அச்சில் நிற்கும்.

நன்றி: மூன்று தேறவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

வகுப்பில் ஒரு சோதனை. ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு என் கட்டுரையையே நகலெடுத்துக் கொடுத்தேன். மதிப்பாய்வு செய்து பழகுங்கள், முடிவு சொல்லாதீர்கள், விளங்காத இடத்தை மட்டும் எழுதுங்கள் என்றேன். மொத்தம் பதினொரு பேர். பத்துப் பேர் அட்டவணையைப் பற்றி எழுதினார்கள். சௌமியா எழுதவே இல்லை. ஏனென்று கேட்டேன்.

"சார், இதுல எல்லாரும் நல்லாத் தூங்குறேன்னு சொல்லியிருக்காங்க. எங்கப்பாவும் லோடிங்குதான் போறாரு. அவரு தூங்கி நான் பாத்ததே இல்ல. அதான் யாரப் பத்தி எழுதியிருக்காங்கன்னு புரியல."

நல்ல கேள்வி, எழுதிக் கொடு என்றேன். எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

நன்றி: சௌமியா. சௌமியா. சௌமியா.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து நேராக அரியலூர், அக்கா வீடு. கோழிக் குழம்பு. பேச்சுவாக்கில் கேட்பது போல மச்சானிடம் கேட்டேன், அந்தத் தாள்களை எங்கே வைத்து நிரப்பினார்கள் என்று.

அவருக்கு எவ்வளவு சந்தோஷம். அவருடைய மேசையிலேயே, அவர் எதிரிலேயே, ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்திருக்கிறார். சொந்தச் செலவில் டீ, வடை.

"படிக்கத் தெரியாதவனுக்கு நாந்தான் படிச்சுச் சொன்னேன் மாப்ள. ஒருத்தன் தூக்கமே வரலன்னு டிக்கு போடப் போனான். டேய், சாரோட பெரிய படிப்புடா இது, ஒழுங்காப் பாத்துப் போடுன்னேன். மாத்திட்டான். உன் தாளுல ஒரு கொறை வரலாமா?"

மூன்று நாளும் உனக்காகத்தான் அலைந்தார் என்றாள் அக்கா. இன்னொரு துண்டு கறி வைத்தாள். தின்றேன். தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் நிறைவாக இருக்கிறார்கள்! சூப்பர்வைசர் எதிரே உட்கார்ந்திருந்தால் நான்கூட நிறைவாகத்தான் இருப்பேன்.

நன்றி: அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாசத்தில் செய்தார். அங்கே போயிருக்க வேண்டியவன் நான்.

நவம்பர் 12, புதன்

இரண்டு நாள் அடைமழை. கல்லூரி விடுமுறை. வீட்டில் துணி காயவில்லை.

செய்ய வேண்டியவை:
– மேடத்திடம் சொல்ல
– எடிட்டருக்கு எழுத
– மச்சானிடம் சொல்ல (எப்படி?)
– காஸ்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றுகொண்டே பேசினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "இன்னொரு வருஷம் இழுக்கும், தெரியும்ல?" என்றார். தெரியும் மேடம் என்றேன். "தாள் கொண்டுவந்தப்பவே நான் கேட்ருக்கணும். கேக்கல." கால நீட்டிப்புக்கு விண்ணப்பம் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இனி மதிப்பாய்வுக்கு வருவதை உங்களுக்குத் தள்ளிவிட மாட்டேன், உங்கள் பெயரையே ஆய்விதழுக்குக் கொடுக்கிறேன், செய்வதாக இருந்தால் உங்கள் பெயரில் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

எடிட்டருக்கு ஈமெயில் போயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். ஏழாவது கேள்விக்குப் பதில்: அறையில் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர் இருந்தார், நான் இல்லை. கேட்டவருக்கு என் நன்றியைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினேன். இந்த மாதத்தில் இதுதான் நல்ல தூக்கம்.

நவம்பர் 13, வியாழன்

மச்சானிடம் போனில் சொன்னேன். நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பயம். தப்பு என்னுடையதுதான் என்று மூன்று தடவை சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

"மூணு நாளு லீவு எழுதிக் குடுக்காத கொறையா ஒனக்காக ஒக்காந்தேன். இப்ப நாந்தான் கெடுத்தேன்னு எவனுக்கோ எழுதிட்ட."

வைத்துவிட்டார். பிறகு அக்கா கூப்பிட்டாள், அழுதாள். அவளுக்கும் நன்றி, கூப்பிட்டாளே.

நவம்பர் 16, ஞாயிறு

வானம் வெளுத்துவிட்டது. அரியலூர் போகும் ரோட்டோரம் மக்காச்சோளம் காய வைத்திருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்கியாயிற்று. இந்த முறை ஆட்களின் வீட்டுக்கு நானே போகிறேன், மச்சான் மூலம் எதுவும் இல்லை. முதல் ஆள் அரியலூருக்கு வெளியே. பெயர் எழுதக் கூடாது, செ. என்று வைத்துக்கொள்கிறேன். போன தடவையும் நிரப்பியவர். தாளைக் கொடுத்துவிட்டு, முடித்ததும் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள், நான்கூடப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, தெருமுனைக் கடையில் டீ குடித்தபடி நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார். உறையை ஒட்டியிருந்தார். ஆனால் அவருக்கே சொல்ல வேண்டும் போல இருந்தது.

"அன்னக்கி எல்லாம் நல்லாருக்குன்னு போட்டேன் சார். அவரு எதுத்தாப்ல ஒக்காந்துருக்காரு, வேற என்ன போடுவேன்? எட்டு மாசமாத் தூக்கமில்ல. புள்ளைங்க சிரிச்சாக்கூட எரிச்சலா வருது. இன்னக்கிதான் உள்ளத உள்ளபடி போட்டேன்."

இதற்கு டாக்டர் இருக்கிறார், அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள் என்றேன். பைத்தியத்துக்கா என்று கேட்டார். தூக்கத்துக்கு என்றேன். கூட வருவீர்களா என்றார். வருகிறேன் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதருக்கு இது தெரியாது. தெரிவிக்கவும் வழியில்லை. சம்பளமில்லை, பெயரில்லை, நான்கு பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் அவரை என்னவெல்லாம் திட்டினேன். ஐயா, மன்னித்துவிடுங்கள்.

நவம்பர் 20, வியாழன்

செ.யோடு அரியலூர் ஆஸ்பத்திரி. டோக்கன், பெஞ்சு, இரண்டு மணி நேரம். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். மாத்திரை கொடுத்திருக்கிறார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் செ. எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். மறுக்கவில்லை.

என் பெயருக்கே மதிப்பாய்வுக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. முதல் தடவை. பஸ்ஸில் படிக்கக் கூடாது என்று சபதம். மூன்று நாளாக மேசையில் உட்கார்ந்து படிக்கிறேன். இவ்வளவு கஷ்டமா இது? எழுதியவர் சின்ன ஊர்க்காரர் போலிருக்கிறது, நிறைய உழைத்திருக்கிறார். அவருக்குக் கோபம் வரும் கேள்வி ஐந்து இருக்கிறது. எது நன்றாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, பிறகு அவற்றைக் கேட்க வேண்டும். இரண்டாமவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்கப் பாராட்டு. அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை.

மச்சான் இன்னும் பேசவில்லை. அக்கா மட்டும் தினமும் குட்மார்னிங் படம் அனுப்புகிறாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பகல் பதினொன்றரை மணி, லேசான தூறல். வாசலில் பைக் சத்தம். மச்சான். ரெயின்கோட்டோடு அரியலூரிலிருந்து தனியாக வந்திருக்கிறார். என் மனைவி காபி கொடுத்தாள். குடித்தார். மழை பற்றிப் பேசினார், டயர் பற்றிப் பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு, "அந்தத் தாளு ஒண்ணு இருக்கா?" என்றார்.

கிழிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார்.

"இருபத்திரெண்டு வருசமா நானும் நைட்டுதான் பாக்குறேன். என்னைய யாரும் கேக்கலயே மாப்ள."

சூப்பர்வைசர்கள் இந்த ஆய்வில் சேர மாட்டார்கள். சொல்ல வாயெடுத்தேன். பேனாவை எடுத்துக் கொடுத்தேன். பழக்கதோஷம், அவருக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் எழுதவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நீ எந்திரிச்சு வெளிய போ."

கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சோறு ஆறுகிறது, கூப்பிடட்டுமா என்று மனைவி ஜாடையில் கேட்கிறாள். வேண்டாம் என்றேன். மொத்தம் பதினெட்டே கேள்வி. முக்கால் மணி நேரமாகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.